பீட்டில் மட்கார்டு, ஹீட்டர் சேனல் கூட்டுக் கொள்முதல்: பணம் கட்டும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை

ஏர்கூல்டு (இழை தொடங்கியவர்)

வணக்கம் எல்லோருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு மட்கார்டு எங்கே கிடைக்கும், கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனல் எங்கே கிடைக்கும் என்று ஆளாளுக்குக் கேட்டு வந்த பதிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். தேவை நன்றாகவே இருக்கிறது. பழைய அசல் தகடு கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைப்பதும் பலமுறை டிங்கரிங் பார்த்து, விரல் கனத்துக்குப் பட்டி பூசியதாகத்தான் வருகிறது. அதனால் மறுஉற்பத்தித் தகடுகளை, அதாவது அசலைப் பார்த்துப் புதிதாக அடிப்பவற்றை, கூட்டாகச் சேர்ந்து வாங்கலாம் என்று யோசனை.

இரண்டு தயாரிப்பாளர்களிடம் பேசியிருக்கிறேன். பெயரை இப்போது சொல்லவில்லை. ஆளுக்கொரு மின்னஞ்சல் போட்டு விலை கேட்டால் நம் பேரம் கெட்டுவிடும். இருவரும் சொன்னது ஒன்றுதான்: அச்சைப் பிரஸ்ஸில் ஏற்றி, சரிபார்த்து, ஓட வைக்கிற செலவு பத்துத் தகடு அடித்தாலும் நூறு அடித்தாலும் ஒன்றே. ஆகவே குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கிறார்கள். மட்கார்டு வகைக்கு 25, ஹீட்டர் சேனல் 20 ஜோடி.

இப்போதைய பட்டியல்: முன் மட்கார்டு, பின் மட்கார்டு, ஹீட்டர் சேனல், தரைத்தகட்டின் இரண்டு பாதிகள். பானெட்டைச் சேர்க்கவில்லை. வகைகள் அதிகம், பெட்டியும் பெரிது.

யாருக்கு என்ன வேண்டும் என்று கீழே எழுதுங்கள். பணம் யாரும் அனுப்ப வேண்டாம்.

புதுச்சாவி

என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே. முன் மட்கார்டு இரண்டும். வண்டி 1967. ஹீட்டர் சேனல் எனக்குத் தேவைப்படாது, ஹீட்டரையே நான் போடுவதில்லை.

நீலவண்டு

புதுச்சாவி, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வரியில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டுமே இந்தக் கொள்முதலைக் கவிழ்க்கக் கூடியவை.

முதலாவது "1967". பீட்டிலில் இதைவிடக் குழப்பமான வருடம் கிடையாது. ஃபோக்ஸ்வேகனின் மாடல் வருடம் ஆகஸ்டில் தொடங்கும். 1967 ஆகஸ்டுக்கு முன் வந்த வண்டிகளில் ஹெட்லைட் மட்கார்டின் வளைவோடு சாய்ந்து, கண்ணாடி மூடி போட்டிருக்கும். அதற்குப் பின் வந்த 1968 மாடலில் ஹெட்லைட் நிமிர்ந்துவிட்டது. பம்பர் உயர்ந்தது, பானெட்டும் நீளம் குறைந்தது. ஆனால் அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டிகளில் நிமிர்ந்த ஹெட்லைட் ஒரு வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. ஆக "1967" என்று மட்டும் எழுதினால் எந்த மட்கார்டு என்று தயாரிப்பாளருக்கும் தெரியாது, ஏர்கூல்டுக்கும் தெரியாது.

பின் இருக்கையைத் தூக்கிவிட்டு, தரையின் நடுவே மேடாக ஓடும் டனலின் மேல் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். 1964 ஆகஸ்டிலிருந்து அந்த எண்ணின் மூன்றாவது இலக்கம் மாடல் வருடத்தின் கடைசி இலக்கம். 117 என்று தொடங்கினால் 1967 மாடல், 118 என்றால் 1968. 1970 மாடலிலிருந்து எண் பத்து இலக்கமாக நீளும், மூன்றாவது இலக்கத்தின் பொருள் அதேதான்.

இதுவும் பாதிதான். ஐம்பது வருடத்தில் வண்டி எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை முறை இடி வாங்கியிருக்கும்? எந்த மட்கார்டு கிடைத்ததோ அதை மாட்டியிருப்பார்கள். அதனால் சேஸிஸ் எண்ணோடு, இப்போது வண்டியில் இருக்கும் தகட்டின் படமும் வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, பின்விளக்கு, ஹெட்லைட் வளையத்தைக் கழற்றிய நிலை. படம் வராத பெயரைப் பட்டியலில் ஏற்றக் கூடாது என்பது என் கருத்து.

பிரேசில் வண்டி வைத்திருப்பவர்கள் தனியாகச் சொல்லிவிடுங்கள். அங்கே 1986இல் நிறுத்தி, 1993இல் மறுபடி தொடங்கி 1996 வரை ஓட்டினார்கள். கடைசிவரை சிறிய ஜன்னல் உடல்தான். வருடத்தைப் பார்த்து ஜெர்மன் வண்டியின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வோம். மெக்சிகோ வண்டிகள் 2003 ஜூலை வரை வந்தன. அவற்றையும் "புது வண்டிதானே" என்று ஒரே பையில் போடாதீர்கள்.

இரண்டாவது, ஹீட்டர் சேனல். பெயரில் ஹீட்டர் இருக்கிறதே தவிர அது வண்டியின் பக்கவாட்டு முதுகெலும்பு. எஞ்சினிலிருந்து சூடான காற்று அதன் வழியாக முன்னால் போகிறது என்பது உபரி வேலை. கதவுக்குக் கீழே உடல் வளையாமல் தாங்குவது அது. உடலைத் தரைச்சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் இறங்குவதும் அதில்தான். ஹீட்டர் போடுகிறீர்களா இல்லையா என்பதற்கும் அது துருப்பிடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. கால்மிதியைத் தூக்கி, ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள்.

புதுச்சாவி

அக்கா, அழுத்தினேன். உள்ளே போய்விட்டது.

ஹீட்டர் சேனல் ஒரு ஜோடி எழுதிக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண் 117. படங்கள் மாலைக்குள் போடுகிறேன்.

சுத்தியல்

நான் தகடு வேலை செய்கிறவன். வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டு வரும் மறுஉற்பத்தித் தகட்டை வண்டியில் ஏற்றுவது என் தலைவிதி. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: இந்த உலகத்தில் வேலை எதுவும் செய்யாமல் அப்படியே உட்காரும் மறுஉற்பத்தி மட்கார்டு கிடையாது. எவ்வளவு வேலை என்பதுதான் கேள்வி.

முதலில் தகட்டின் கனம். எல்லா விற்பனையாளரும் "அசல் கனம்" என்றுதான் சொல்வான். மைக்ரோமீட்டரை ஓரத்து மடிப்பில் வைத்துப் பார்த்தால் ஓரத்தின் கனம் தெரியும், வளைவில் தெரியாது. தகட்டை ஆழமாக இழுத்து அடிக்கும்போது ஹெட்லைட் குழிப் பக்கம் மெலிந்துவிடும். எளிய வழி தராசு. 1 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ. 0.9 என்றால் 7 கிலோவுக்குச் சற்று மேலே, 0.7 என்றால் 5.5 கிலோ. துருவும் பட்டியும் சுரண்டிய அசல் மட்கார்டு ஒன்றையும் புதியதையும் நிறுத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் எவன் சத்தியம் செய்தாலும் அது அதே தகடு இல்லை. மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், தட்டினால் தகர டப்பா மாதிரி உள்ளேயும் வெளியேயும் துள்ளும்.

அப்புறம் மேல்பூச்சு. கறுப்பாக இருப்பதெல்லாம் ஈ-கோட் இல்லை. மின்சாரத் தொட்டியில் முக்கி எடுத்த உண்மையான ஈ-கோட் மடிப்புக்குள்ளும் ஏறியிருக்கும், கனம் 20 மைக்ரான் அளவில் சீராக இருக்கும். கப்பலில் துருப்பிடிக்காமல் இருக்க அடித்துவிடும் மலிவுக் கறுப்புப் பெயின்ட் வேறு. துணியில் லேக்கர் தின்னரை நனைத்துத் தேயுங்கள். துணி கறுத்தால் முழுவதையும் உரித்துவிட்டுப் பிரைமர் அடிக்க வேண்டும், அந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மிக முக்கியம்: மட்கார்டைத் தனியாகத் தூக்கிப் பார்த்து "ஆஹா" என்று சொல்லாதீர்கள். அதை உடலில் போல்ட் போட்டு, இடையில் பீடிங் (இடைவெளியை மறைக்கும் பட்டை) வைத்து, ரன்னிங் போர்டையும் (கதவுக்குக் கீழே இருக்கும் கால்படி) மாட்டி, ஹெட்லைட் வளையத்தையும் உட்கார வைத்த பிறகுதான் யோக்கியதை தெரியும். ஓட்டைகள் எல்லாம் சேர்ந்தும் ரன்னிங் போர்டு பக்கம் ஒரு விரல் இறங்கி நிற்கும் மட்கார்டுகள் என் பட்டறையில் இப்போதும் சுவரோரம் சாத்திக் கிடக்கின்றன.

மெதுவாப்போ

எல்லாம் படித்தேன். எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். கையிருப்பில் வைத்து விற்கும் கடைகள் இணையத்தில் இருக்கின்றன. காசு கொடுத்தால் பெட்டி வந்துவிடும். கூட்டாக வாங்கினால் என்ன, பத்துச் சதவீதம் மிச்சமாகுமா? அதற்காக நாற்பது பேர் பணத்தை ஒரு இடத்தில் போட்டு, எட்டு மாதம் காத்திருந்து, கடைசியில் சண்டை போட்டுக்கொள்ள வேண்டுமா? எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் பம்பர் வாங்கப் போய், நண்பர்களாக இருந்தவர்கள் இப்போது ஒருவர் வண்டியை ஒருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஃபைபர்பிரியன்

இதற்கெல்லாம் எஃகே எதற்கு? ஃபைபர் மட்கார்டு துருப்பிடிக்காது, எடை குறைவு, பிரஸ் அச்சு வேண்டாம். ஒரு நல்ல அசல் மட்கார்டிலிருந்து அச்சு எடுத்தால் போதும், ஐந்து வேண்டுமானாலும் செய்யலாம். குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற தலைவலியே கிடையாது.

சுத்தியல்

ஃபைபர்பிரியன், ரேஸ் வண்டிக்குச் சரி. ரோட்டு வண்டிக்கு வைக்கிறவர்கள் மறந்துபோகிற ஒன்று: ஹெட்லைட்டின் எர்த் அந்த மட்கார்டுத் தகடு வழியாகத்தான் போகிறது. ஃபைபர் மாட்டினால் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இழுக்காமல் விட்டு, "பல்பு மாற்றியும் எரியவில்லை" என்று வருகிறார்கள். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி எஃகு வளையம் பதிக்காவிட்டால் முறுக்கும்போது விரிசல் விடும். நல்ல ஃபைபர் நல்லதுதான், ஆனால் நல்ல ஃபைபர் மலிவு கிடையாது. இந்த இழையில் அதைக் கலக்க வேண்டாம். தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

கணக்குநோட்டு

மெதுவாப்போ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது. நியாயமான கேள்வி.

விலைக்காக மட்டும் என்றால் கூட்டுக் கொள்முதல் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். மிச்சமாகும் பணம் சுங்கத்திலும் லாரி வாடகையிலும் பாதி கரைந்துவிடும். ஆனால் தனி ஆளுக்கு இல்லாத ஒன்று குழுவுக்கு இருக்கிறது: "இது சரியில்லை, எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்று சொல்லும் பலம். நீங்கள் ஒற்றை மட்கார்டு வாங்கி ஓட்டை பொருந்தவில்லை என்று புகார் செய்தால், "மறுஉற்பத்திப் பொருளில் சிறு திருத்தம் தேவைப்படும்" என்று அவர்களின் விதிமுறையில் எழுதியிருக்கும் ஒரு வரியைக் காட்டுவார்கள். திருப்பி அனுப்பும் கப்பல் செலவு மட்கார்டின் விலையைத் தாண்டும். அதோடு கதை முடிந்தது. அதே புகாரை, இன்னும் அச்சில் ஏறாத நூறு தகட்டுக்கான உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அச்சையே திருத்துவார்கள். அவர்களுக்கும் அது லாபம். திருத்திய அச்சில் அடித்ததை மற்றவர்களுக்கும் விற்கலாம்.

அந்தப் பலம் எப்போது போகும் தெரியுமா? முழுப் பணத்தையும் அனுப்பிய அன்று. நம் ஒப்பந்தத்தின் வேலையே அந்த நாளை முடிந்தவரை தள்ளிப்போடுவதுதான். நான் இப்படி வைப்பேன்:

முதலில் மாதிரி மட்டும். அதற்கான செலவை எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வோம், அது திரும்ப வராது என்று எல்லோரும் ஏற்றுக்கொள்வோம். மாதிரி வண்டியில் ஏறி, சுத்தியல் மாதிரி ஒருவர் சரி என்று சொன்ன பிறகுதான் முன்பணம். தொழிற்சாலைகள் வழக்கமாக 30 சதவீதம் முன்னால், மீதி 70 சரக்குக் கிளம்பும் முன் என்று கேட்பார்கள். அந்த 70ஐ, கிளம்பும் முன் ஆய்வு முடிந்த பிறகு என்று மாற்ற வேண்டும். இதில் அசையக் கூடாது. ஒப்புக்கொண்ட மாதிரியில் கையெழுத்துப் போட்டு ஒன்று அவர்களிடம், ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். பிறகு "நாங்கள் அனுப்பியதும் இதே மாதிரிதான்" என்று வாய்ப்பேச்சு பேச முடியாது.

பணம் வைத்திருப்பவரும் தயாரிப்பாளரிடம் பேசுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஏர்கூல்டு மேல் சந்தேகம் இல்லை, நாளைக்கு அவர் மருத்துவமனையில் படுத்தால் நாற்பது பேர் பணத்துக்கு யார் பதில்? இரண்டு கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாத கணக்கு, வரவு செலவு எல்லோரும் பார்க்கும் ஒரு தாள். இது தேர் இழுக்கிற வேலை, வடத்தை ஒருவர் மட்டும் பிடித்தால் நகராது.

இடையில் விலகுபவர் விஷயத்தை இப்போதே எழுதிவிடுவோம். முன்பணம் போகும் நாள்வரை யாரும் விலகலாம், மாதிரிச் செலவு தவிர மீதி திரும்பக் கிடைக்கும். அதற்குப் பின் பணம் திரும்பாது. தன் இடத்தை இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். நாணய மாற்று விகிதம் ஏறும், அதற்கு ஒரு ஐந்து சதவீதம் கூடுதலாக வாங்கி வைத்து, மிஞ்சினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, ஒருங்கிணைப்பவருக்குக் கூலி. யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நான் திறக்கிறேன். ஆளுக்குச் சிறு தொகை, வெளிப்படையாகத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவோம். இலவச சேவை என்று தொடங்குவது பிற்பாடு விலையில் ஒளிந்துகொள்ளும், அல்லது செய்கிறவர் சலித்துப்போய் பாதியில் விடுவார்.

ஏர்கூல்டு

கூலி வேண்டாம். தொலைபேசிச் செலவு, ஆய்வுக்குப் போகும் செலவு மட்டும் ரசீதோடு எழுதுகிறேன். மற்ற எல்லாவற்றையும் ஏற்கிறேன். கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கையெழுத்து நீலவண்டு போடட்டும்.

இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவர் மாதிரி அனுப்பச் சம்மதித்துவிட்டார். இன்னொருவர் "எங்கள் தரம் ஊரறிந்தது, மாதிரி தேவையில்லை" என்று எழுதியிருக்கிறார். அவர் பத்துச் சதவீதம் மலிவு.

சுத்தியல்

மலிவானவரை வாழ்த்தி அனுப்பிவிடுங்கள்.

கணக்குநோட்டு

அதே.

சரக்குவழி

தாமதமாக வருகிறேன். சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மட்கார்டு என்பது காற்றைப் பொட்டலம் கட்டி அனுப்புகிற வேலை. ஒரு பெட்டி 110க்கு 60க்கு 50 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,30,000 கன செ.மீ. விமானச் சரக்கில் இதை 6000ஆல் வகுத்து 55 கிலோ என்று கட்டணம் போடுவார்கள். கூரியரில் பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள், 66 கிலோ. உள்ளே இருக்கும் இரும்பு அதில் கால்பங்குகூட இருக்காது. "அவசரம், எனக்கு மட்டும் விமானத்தில்" என்று கேட்கப்போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கப்பலில் பகிர்வு கன்டெய்னர் என்றால் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், எது அதிகமோ அதற்குக் கட்டணம். நம் சரக்கில் எப்போதும் கன மீட்டர்தான் ஜெயிக்கும். அதனால் மட்கார்டுகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கச் சொல்லுங்கள். இடப்பக்கத்துக்குள் இடப்பக்கம், வலப்பக்கத்துக்குள் வலப்பக்கம், இடையில் நுரைத்தாள். தனித்தனிப் பெட்டி கேட்டால் கொள்ளளவு இரண்டு மூன்று மடங்காகும். 13 முதல் 15 கன மீட்டரைத் தொட்டால் முழு இருபதடிக் கன்டெய்னருக்கும் விலை கேட்டுவிடுங்கள், பல சமயம் அதுவே மலிவாக முடியும். அதில் 33 கன மீட்டர் வரை இடம் இருக்கிறது. அப்போது பானெட்டையும் சேர்க்க இடம் வரும்.

இதிலிருந்து இன்னொன்று: கப்பல் செலவைப் பொருளின் விலைப்படி பிரிக்காதீர்கள், பிடிக்கும் இடத்தின்படி பிரியுங்கள். ஹீட்டர் சேனல் நீளம், ஆனால் ஒல்லி. விலை அதிகம், இடம் குறைவு. விலைப்படி பிரித்தால் ஹீட்டர் சேனல் வாங்குகிறவர் மட்கார்டு வாங்குகிறவருக்கு வாடகை கட்டுவார்.

விலைப்புள்ளி எந்த நிபந்தனையில் என்று பாருங்கள். தொழிற்சாலை வாசலில் ஒப்படைப்பு என்றால் துறைமுகம்வரை லாரி, ஏற்றுமதிக் காகிதம் எல்லாம் நம் தலையில். கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் எஃப்ஓபி நமக்கு வசதி. பல நாடுகளில் சுங்கவரி, பொருள் விலை மட்டுமல்லாமல் கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த தொகைக்கு மேல் விழும். உடல் பாகங்கள் 8708.29 என்ற சுங்கத் தலைப்பில் வரும், பம்பர் தனியாக 8708.10. சரக்குப் பட்டியலில் வெறுமனே "கார் பாகங்கள்" என்று எழுதவிடாதீர்கள்.

இறக்குமதி ஒருவர் பெயரில்தான் நடக்கும். இருபத்தைந்து மட்கார்டைப் பார்த்து எந்தச் சுங்க அதிகாரியும் சொந்த உபயோகம் என்று நம்ப மாட்டார். அந்த ஒருவருக்கு வரிக் கணக்கில் என்ன பொறுப்பு வரும் என்பதை முன்பே சுங்க முகவரிடமும் கணக்காளரிடமும் கேட்டு முடித்துவிடுங்கள்.

மரப்பெட்டி என்றால் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதியின் முத்திரை வேண்டும். பெரும்பாலும், மரத்தின் உள்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத பலகை ஒன்று இருந்தாலும் மொத்தச் சரக்கும் துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஓடும்.

தயவுசெய்து யாரும் "அப்படியே ரெண்டு வீல்கேப், பானெட் எம்பளம்" என்று சேர்க்காதீர்கள். வெறும் தகட்டில் பிரச்சினை இல்லை. ஃபோக்ஸ்வேகன் சின்னம் பொறித்த அனுமதியில்லாத பொருளைச் சுங்கம் போலி என்று பிடித்து வைக்கலாம். உங்கள் எம்பளத்துக்காக நாற்பது பேர் மட்கார்டு காத்திருக்கும்.

நீலவண்டு

சரக்குவழி, மிக்க நன்றி. பானெட்டைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை, இடம் இருக்கிறது என்று உடனே பாய வேண்டாம். 1302, 1303 என்ற சூப்பர் பீட்டிலின் பானெட் சாதாரண பீட்டிலுக்குப் பொருந்தாது. முன் சஸ்பென்ஷன் மாறியதால் முன்பாகமே உப்பலாக இருக்கும். சாதாரண வண்டியிலும் 1967 ஆகஸ்டுக்கு முன் நீளம், பின் குட்டை. குறைந்தது மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் 25 பேர் சேர்வார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஹீட்டர் சேனலுக்கு இன்னொரு நிபந்தனை சேர்க்க வேண்டும். மலிவு வகைகளில் வெளிப்பெட்டி மட்டும் இருக்கும், உள்ளே காற்றுக்குழாய் இருக்காது. உடலைத் தரையோடு பிணைக்கும் நட்டுகள் சரியான இடைவெளியில் பற்றவைத்திருக்கிறதா என்பதும் வெறும் கண்ணால் தெரியாது. சேனல் மாதிரியையும் தரைத்தகடு மாதிரியையும் ஒன்றாக வைத்து, எல்லா ஓட்டைகளிலும் போல்ட் இறங்கினால்தான் ஒப்புதல். ஒன்று மட்டும் வந்து, மற்றது பிறகு வரும் என்றால் காத்திருப்போம்.

மெதுவாப்போ

சரி, மறுக்கும் பலம் என்ற வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. மாதிரி பொருந்தவில்லை என்று யார் முடிவு செய்வது? சுத்தியல் சொன்னபடி பார்த்தால் எதுவுமே அப்படியே உட்காராது. தயாரிப்பாளர் "உங்கள் வண்டிதான் கோணல்" என்று சொன்னால்? ஐம்பது வயது வண்டி, உண்மையாகக்கூட இருக்கலாமே.

சுத்தியல்

நல்ல கேள்வி, இதைத்தான் நானே கேட்க நினைத்தேன்.

இரண்டு வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும், முடிந்தால் மூன்று. அடி வாங்காத வண்டியாக இருக்க வேண்டும். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில், ஒரே பக்கமாக விலகினால் தகட்டின் குற்றம். ஒன்றில் பொருந்தி மற்றதில் விலகினால் வண்டியின் குற்றம்.

அளவை வார்த்தையில் எழுதாதீர்கள், மில்லிமீட்டரில் எழுதுங்கள். என் பட்டறை அனுபவத்தில், போல்ட் ஓட்டையை மூன்று மில்லிமீட்டர் வரை ராவி நீட்டுவது நியாயமான வேலை, ஏற்றுக்கொள்ளலாம். பீடிங் மறைக்காத இடைவெளி, மடிப்பையே தட்டித் திருப்ப வேண்டிய நிலை, ஹெட்லைட் வளையம் ஒரு பக்கம் தூக்கி நிற்பது, ரன்னிங் போர்டு போல்ட் சேராதது: இந்த நான்கும் நிராகரிப்பு. கிட்டத்தட்ட, அழகாக, அசல் மாதிரி போன்ற சொற்கள் ஒப்பந்தத்தில் வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

முடிந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு உதவி செய்யலாம். அசல் மட்கார்டு, அதாவது ஃபோக்ஸ்வேகன் முத்திரையோடு பெட்டியில் இருந்தபடியே யாரிடமாவது இருந்தால், அதன் உடல் ஒட்டும் விளிம்பைத் தடித்த அட்டையில் பதித்து, ஓட்டைகளையும் வெட்டி அனுப்புங்கள். படத்தைவிட அட்டை நூறு மடங்கு பயன்படும்.

பழையபெட்டி

இந்தத் தளத்தில் எழுதுவது அரிது. என்னிடம் திறக்காத அசல் இடப்பக்க முன் மட்கார்டு ஒன்று இருக்கிறது, நிமிர்ந்த ஹெட்லைட் வகை. விற்க மாட்டேன், யாரும் தனிச்செய்தியில் கேட்க வேண்டாம். அட்டை வெட்டிக் கொடுக்கிறேன். எடையும் போட்டுச் சொல்கிறேன்.

ஏர்கூல்டு

பழையபெட்டி சார், இதைவிடப் பெரிய உதவி இல்லை. அட்டை வெட்டும்போது மடிப்பின் உள்விளிம்பையும் ஒரு கோடாகப் போட்டுவிடுங்கள்.

இப்போதைய நிலை: நிமிர்ந்த ஹெட்லைட் முன் மட்கார்டு 31, பின் மட்கார்டு 22, ஹீட்டர் சேனல் 26 ஜோடி, தரைத்தகடு 18. சாய்ந்த ஹெட்லைட் முன் மட்கார்டு 9 மட்டுமே. அதற்குக் குறைந்தபட்சம் எட்டாது, எனவே இந்தச் சுற்றில் விடுகிறேன். புதுச்சாவி, உங்கள் படங்களைப் பார்த்தோம். 117 எண், ஆனால் வண்டியில் இருப்பது நிமிர்ந்த வகை. அமெரிக்க வண்டியா, யாரோ மாற்றியதா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இருப்பதற்குப் பொருந்துவதையே போடலாமா, அல்லது சாய்ந்த வகைக்குப் போக விருப்பமா?

பின் மட்கார்டில் பின்விளக்கு வகையைக் குறிப்பிடாதவர்கள் ஐந்து பேர். பெரிய வட்ட விளக்கு வைத்த பிந்தைய வண்டிகளின் மட்கார்டு வேறு. ஞாயிறுக்குள் எழுதாவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன், கோபிக்க வேண்டாம்.

தரைத்தகடு மாதிரியைத் தனியாக அனுப்ப மாட்டோம், சேனலோடு சேர்த்துத்தான் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். நல்ல அறிகுறி. மாதிரிச் செலவுக்கான பங்கைக் கணக்குநோட்டு நாளை தாளில் போடுவார்.

புதுச்சாவி

இருப்பதற்குப் பொருந்துவதே போதும் அண்ணே. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பழகிவிட்டது.

ஒரு சந்தேகம். மாதிரி ஏற்றிப் பார்க்க என் வண்டியைத் தரலாமா? அடி வாங்காதது, கதவு இடைவெளி எல்லாம் சீராக இருக்கிறது, அளந்தேன். மட்கார்டை இப்போதே கழற்றி வைக்கட்டுமா?

சுத்தியல்

தாராளமாக. ஆனால் ஸ்பானரைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருகாதே தம்பி. அந்த எட்டு எம்எம் போல்ட்டுகள் உடலோடு பற்றவைத்த நட்டில் இறுகிக் கிடக்கும். நட்டு கழன்று சுற்ற ஆரம்பித்தால் தகட்டை வெட்டித்தான் எடுக்க முடியும், அப்புறம் அந்த வண்டி அளவு பார்க்கவே உதவாது. இன்றிலிருந்து தினமும் ஊடுருவும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு ஊற வை. முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்துவிட்டு, பிறகு கழற்று. அசையாத போல்ட்டைத் தொடாமல் விட்டுவிடு, நான் வந்து சூடு காட்டி எடுக்கிறேன். புது பீடிங்கும் போல்ட்டும் இப்போதே வாங்கி வை, பழைய பீடிங்கை வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியாது.